வேறு வழி இருந்தும்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு ராணுவத்தில் சேரப் போவதாகச் செமினியில் எங்கள் குடியிருப்புப் பையன் ஒருவன் வீட்டில் சொன்னான். “வேற வேலையே கெடைக்கலையாய்யா?” என்று அம்மா அழுதார். “போகட்டும், ஒழுக்கமாவது வரும்” என்றார் அப்பா. ஏன் போக விரும்புகிறாய் என்று மட்டும் யாரும் அவனைக் கேட்கவில்லை.

நான் கேட்டேன். “மாசம் பொறந்தா சம்பளம், அங்கிள். தங்க எடம், சாப்பாடு அவங்களே பாத்துக்குவாங்க. அப்புறம், என்னால எவ்வளவு தாங்க முடியும்னு தெரிஞ்சுக்கணும்” என்றான். நாட்டுப்பற்றைப் பற்றி அவன் பேசவில்லை. அதற்காக அவனைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பெற்றோரின் சுமையைக் குறைக்க நினைப்பது எந்த விதத்தில் தாழ்ந்த காரணம்?

அவனைப் போலப் பல காரணங்களோடு சீருடை அணிந்தவர்கள் இந்த மண்ணில் முன்பும் உண்டு. இன்று வீடமைப்புப் பகுதிகள் நிறைந்திருக்கும் செமினி வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களால் சூழப்பட்டிருந்தது. மலாயாவின் அத்தகைய தோட்டங்களிலிருந்து 1943இல் ஏராளமான தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அதன் தலைவர் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பு அவர்களை ஈர்த்தது உண்மை. ஆனால் வீட்டில் பசி இருந்தது. ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தது. அங்கே போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். துரைக்கும் கங்காணிக்கும் குனிந்தே பழகியவர்களுக்குச் சீருடை நிமிர்ந்து நிற்க ஓர் இடம் தந்தது.

அதே ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர் கோலாலம்பூரின் ஜானகி. 1925இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். போஸின் பேச்சைக் கேட்டுக் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். தயங்கிய தந்தையை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார். படையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்களில் பலர் தோட்டத்துப் பெண்கள். சீருடை ஒன்றுதான், துணிவும் ஒன்றுதான். ஆனால் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்திருக்கக்கூடிய ஜானகி தேர்ந்தெடுத்துப் போனார். சயாமுக்கு அஞ்சி வந்தவருக்கு அந்தத் தேர்வைக் காலம் தரவில்லை.

இந்த வேறுபாடுதான் என்னை விடாமல் துரத்துகிறது. சிங்கப்பூரில் 1967 முதல் இளைஞர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். மலேசியாவில் விரும்பியவரே போகிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் கையில் வேறு வழியே இல்லாதவனிடம் விருப்பம் என்று எதைச் சொல்வது?

ராணுவம் மற்ற வேலைகளைப் போன்றதன்று. பிடிக்கவில்லை என்றால் மறுநாளே விலகி வந்துவிட முடியாது. கட்டளை வந்தால் உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் நேரலாம். பதினெட்டு வயதில் இதற்குச் சம்மதிப்பவன் தெரிந்தே சம்மதிக்க வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வது பெரியவர்களான நம் கடமை.

ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், தொழிற்பயிற்சி எல்லாவற்றையும் அவனோடு உட்கார்ந்து பார்ப்போம். மனு எழுதத் தெரியாவிட்டால் கூட இருந்து எழுதுவோம். பணிபுரிந்து ஓய்வு பெற்ற சிப்பாய் ஒருவரிடம் அழைத்துப்போய் நல்லதையும் கெட்டதையும் கேட்கச் செய்வோம். அதே சமயம், அந்த வேலை நம்மவர்களுக்கு ஒத்துவராது என்று சொல்லித் தடுக்கவும் வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் அவன் ராணுவத்தையே சொன்னால், அது அவனுடைய முடிவு. சம்பளத்துக்காகப் போனான் என்று யாரும் இளக்காரமாகப் பேசினால், அவனுக்காக நாம் பதில் சொல்ல வேண்டும்.