அழுக்கை நீக்கும் அழுக்கு

ஒரு பொருளைத் தூய்மை செய்ய முற்படுவோர், எது பொருள், எது அதன்மேல் ஏறிய அழுக்கு என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். சைவ சித்தாந்தம் உயிரைக் குறித்து எழுப்பிய வினாவும் இதுவே ஆதலால், மோட்டார் சைக்கிள் பாகங்களைக் கழுவ அல்ட்ராசானிக் கிளீனர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சிறு செயலையும் அத்தத்துவத்தின் துணைகொண்டு ஆராய இடமுண்டு.

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், உடலும் கருவிகளும் உலகின் மூலப்பொருளான மாயையிலிருந்து தோன்றியவை ஆதலின் அவையும் மலமே என்று கொண்டு, மலத்தைக் கொண்டே மலத்தைக் கழுவுதல் எங்ஙனம் கூடும் என்ற தடையை எழுப்புகிறது. மலம் என்பது உயிரின் அறிவை மறைத்துப் பிணிக்கும் அழுக்கு. இத்தடைக்கு விடையாக நூல் காட்டுவது துணி வெளுப்பவரின் தொழில். அவர் அழுக்கேறிய துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுகிறார். அவையும் அழுக்கே எனினும், பழைய அழுக்கைப் பற்றி இழுத்துக்கொண்டு அதனோடு தாமும் நீங்குகின்றன. அவ்வாறே இறைவன் மாயையைக் கொண்டு ஆணவத்தை, அதாவது உயிரோடு அநாதியாகவே உடனிருக்கும் மூல மலத்தை, ஒழிக்கிறான் என்பது நூலின் துணிபு. கழுவும் பொருள் அழுக்கைப் பற்றினால் மட்டும் போதாது, பின்னர் அதுவும் விலகியாக வேண்டும் என்பதே இவ்வுவமையின் உயிர்நிலை. நடைமுறையில் பெரும்பாலோர் மறப்பதும் இந்த இரண்டாம் பகுதியையே.

பல மாதங்கள் ஓடாமல் நின்ற பழைய புல்லட் அல்லது ஆர்எக்ஸ் 100 வண்டியின் கார்புரேட்டரில் பெட்ரோலின் ஆவியாகும் பகுதி போய்விட, எஞ்சியது பழுப்புநிறப் பிசினாக இறுகி, பைலட் ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் திருகின் துளையை அடைத்துக்கொள்கிறது. வண்டி நின்றபடி இயங்கும்போது எரிபொருளை அளந்து விடும் அத்துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. அதைக் கம்பியால் குத்துபவர் பிசினோடு பித்தளையையும் சுரண்டிவிட, துளை அகன்று அளவு தவறிப்போகிறது. அதன்பின் ஜெட்டையே மாற்றுவதன்றி வழியில்லை. அடைப்பு நீங்கிற்று என்று மகிழ்ந்தவர், காக்க வேண்டிய அளவையே இழந்து நிற்கிறார்.

அல்ட்ராசானிக் கிளீனர் இவ்விடத்தில்தான் பயன்படுகிறது. தொட்டியின் அடியில் பொருத்தப்பட்ட பீசோ வில்லைகள் நொடிக்கு 40,000 முறை, அதாவது 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதிர, நீரின் அழுத்தம் தாழும் கணத்தில் நுண்குமிழிகள் பிறந்து, அது உயரும் கணத்தில் உள்நோக்கி நொறுங்குகின்றன. கேவிடேஷன் எனப்படும் இந்நிகழ்வு, தூரிகை எட்டாத துளைக்குள்ளும் பிசினைப் பெயர்த்தெடுக்கிறது. குமிழி தன் வேலை முடிந்ததும் எச்சமின்றி மறைகிறது. கரைசலோ அப்படி மறைவதில்லை. நல்ல நீரில் அலசி, காற்றடித்து உலர்த்தாவிட்டால், அதுவே துளைக்குள் காய்ந்து மீண்டும் அடைப்பாகும்.

ஆகவே, கிளீனரும் கரைசலும் அழுக்கின் மீது எவ்வளவு வலிமை காட்டும் என்பதைவிட, கழுவப்படும் பொருளை எவ்வளவு காக்கும், எவ்வளவு எளிதில் விட்டு நீங்கும் என்பவையே தேர்வுக்கு அளவுகோல்களாக வேண்டும். 25 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வு பெரிய குமிழிகளை உண்டாக்கிக் கடுமையாகத் தாக்குவதால் கனமான இரும்புப் பாகங்களுக்கு ஏற்றது. கார்புரேட்டருக்கு 40 கிலோஹெர்ட்ஸ் போதும். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரம் கார்புரேட்டரின் அலுமினியத்தைத் தின்று கருக்கச் செய்யும் என்பதால், அலுமினியத்துக்குத் தீங்கற்றது எனக் குறிக்கப்பட்ட மென்கரைசலே தகும். 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும் ஹீட்டர் இருந்தால் பிசின் விரைவில் இளகும். பெட்ரோல், தின்னர் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களைத் தொட்டியில் ஊற்றுதல் உயிருக்கே ஆபத்து. ரப்பர் ஓ-ரிங், டயாப்ரம் ஆகியவற்றை முன்னரே கழற்றிவிட வேண்டும்.

இத்தகைய கழுவுதலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஈரம் தங்கிய கார்புரேட்டரில் பூக்கும் வெண்பொடி வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. அலுமினியமே அப்படி மாறிவிட்டது. அதைக் கழுவினால் பொடி போகும், அதனடியில் அரிக்கப்பட்ட குழி அப்படியே இருக்கும். சித்தியாரும் செம்பின் களிம்பைப் பேசும் இடத்தில் உவர்மண்ணை விட்டு, களிம்பறுத்துச் செம்பைப் பொன்னாக்கும் இரதகுளிகையை, அதாவது பாதரசத்தால் ஆன இரசவாத உருண்டையை, உவமையாக்குகிறது. துணிக்கு உரிய வழி உலோகத்துக்குச் செல்லாது என்ற நுட்பம் அங்கே புலப்படுகிறது. ஆயினும் இவை யாவும் ஒருபுடை உவமைகளே, அதாவது ஒரு கூற்றில் மட்டும் ஒப்பன. இழந்த உலோகத்தை மீட்கும் குளிகை எந்தப் பட்டறையிலும் இல்லை.

ஒரே கார்புரேட்டரைக் கழுவுவோருக்கு அது முழுதும் மூழ்கும் அளவில், சுமார் 3 லிட்டர் கொள்ளும் தொட்டியும், 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வும், ஹீட்டரும், நேரங்காட்டியும், பாகங்கள் தொட்டியின் அடியில் படாதபடி தாங்கும் கூடையும் போதுமானவை. மிஞ்சும் பணத்தை நல்ல கரைசலுக்கும், அலசிய பின் துளைகளை ஊதி உலர்த்தும் காற்றுக் குழாய்க்கும் செலவிடுவதே அறிவுடைமை.