பிரிக்காத உறை

1984 ஜனவரியில் வெளிவந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் பெட்டிக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருந்தது. அதைக் கணினியின் பக்கவாட்டுக் காற்றுத் துளைகளில் மாட்டினால் உள்ளே இருக்கும் இரண்டு பொத்தான்களை வெளியிலிருந்தே அழுத்தலாம். ஒன்று கணினியை மறுபடி தொடங்கும். இன்னொன்று ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேட வழிவிடும். பெயர் புரோகிராமர்ஸ் ஸ்விட்ச். நிரல் எழுதாதவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மாட்டாத ஸ்விட்ச் மேஜை டிராயரில் கிடந்து தொலைந்தது. இன்று பழைய கணினி சேகரிப்பவர்கள் அந்தத் துண்டைத் தேடி அலைகிறார்கள். கூடவே வந்த வானவில் ஆப்பிள் ஸ்டிக்கர், மவுஸைப் பழக்கிவிடும் கேசட் எல்லாம் இருந்தால்தான் அது முழு செட். ஸ்டிக்கர் ஒட்டப்படாமல் இருக்கணும், சொல்லவே வேண்டாம்.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒட்டுவதற்கென்றே கொடுத்த ஸ்டிக்கரை ஒட்டினால் மதிப்பு போச்சு. ஒரு நிரலாளர் ராத்திரி பகலாக அழுத்தித் தேய்த்த ஸ்விட்சுக்கு விலை குறைவு. அப்படியென்றால் நாம் காசு கொடுப்பது அந்தப் பொருளுக்கு நடக்காமல் போனவற்றுக்குத்தான். பயன்பட்டே ஆகவேண்டும் என்ற நுகத்தடியிலிருந்து பொருட்களை விடுவிப்பவராகச் சேகரிப்பாளரைப் பார்த்தார் வால்டர் பெஞ்சமின். அழகான யோசனைதான். ஆவடியில் உட்கார்ந்து யோசித்தால் கொஞ்சம் இடிக்கிறது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். பல லட்சம் மாணவர்களுக்கு லேப்டாப் போனது, கூடவே முதல்வர் படம் போட்ட பையும். லேப்டாப்கள் பல செத்துவிட்டன. பை சாகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போகிறவர் தோளில் டிபன் பாக்ஸோடு தொங்கும். எலக்ட்ரீஷியன் அதிலிருந்துதான் டெஸ்டரை எடுப்பார். எங்கள் வீட்டில் தங்கைக்கு வந்த பையில் அம்மா வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, கரண்ட் பில் வைத்திருக்கிறார். 2015 வெள்ளத்தில் அம்மா முதலில் பரண் மேல் தூக்கி வைத்தது அதைத்தான்.

பழைய கணினி சேர்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்த கவர்மென்ட் லேப்டாப் பை பிரிக்காத பாலித்தீனோட யார்கிட்டயாவது இருக்குமா?" சிரிப்பு வந்தது. பிரிக்காமல் வைக்க இரண்டாவது பை வேண்டும், அல்லது பையே தேவைப்படாத வீடு வேண்டும். ஐம்பது வருஷம் கழித்து ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கப்போவது அந்த வீட்டுப் பைதான். பார்க்க வருகிறவர்கள் அதையே எல்லோருடைய பை என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

ஆனாலும் நண்பரை என்னால் அப்படியே தள்ளிவிட முடியவில்லை. அந்த மெக்கின்டாஷ் கேசட்டை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தானே, மவுஸையே பார்த்திராத கைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்று கேட்க முடிகிறது. எல்லோரும் தேய்த்துத் தூக்கிப்போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். (நான் எழுதும் நிரல்களுக்கு உறைகூட கிடையாது, அடுத்த அப்டேட்டில் காலி.) என் சண்டை பத்திரப்படுத்துவதோடு இல்லை. 'முழுமை' என்ற சொல்லைக் கைபடாததற்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டோமே, அதோடுதான்.

அம்மாவின் பையைப் படம் எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். ஜிப் போய்விட்டது, இரண்டு ஊக்கு குத்தியிருக்கிறார். முதல்வர் முகம் பாதி அழிந்திருக்கிறது. ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஊக்கை எடுக்காம அப்படியே தருவாங்களா?" என்று வந்தது.

அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. பத்திரம் வைக்க வேறு பை பார்க்கணும்.