தெரியாது என்பது விடையாகுமா?

கரிசல் சீமையில் மாடு வாங்கப் போகிறவர் எளிதில் ஏமாறுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், விற்பவனின் ஊரையும் விசாரிப்பார். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் இக்கவனம் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆனால், மகளை வேலைக்கு அழைத்துப் போக வந்த தரகரிடம் அதே தகப்பனார் எத்தனை கேள்விகள் கேட்டார்?

சுமங்கலித் திட்டம் என்னும் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் பரவிய ஏற்பாடு அது. வானம் பார்த்த பூமியான தென்மாவட்டக் கிராமங்களுக்குத் தரகர்கள் வந்தார்கள். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்றார்கள். அத்தொகை அவளுடைய கூலியிலிருந்தே பிடித்து வைக்கப்படுவது என்பதைச் சொல்லவில்லை. கெடு முடியுமுன் உடல் நலிந்து திரும்பினால் அது கைக்கு வராமல் போகலாம் என்பதையும், விடுதிக் கதவு அவள் விருப்பப்படி திறவாது என்பதையும் சொல்லவில்லை. 2011-இல் நெதர்லாந்தின் இரு ஆய்வு அமைப்புகள் இதுபற்றி அறிக்கை வெளியிட்டன. அந்நூலால் ஆன ஆடையை வாங்கும் ஐரோப்பியருக்குச் செய்தி எட்டியது. பெண்களை அனுப்பிய கிராமங்களுக்கு எட்டியதா?

எட்டாததற்கு நாம் காணும் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆள் கடத்தல் என்றதும் வாயைப் பொத்தித் தூக்கிச் செல்வதையே நினைக்கிறோம். அவள் விரும்பித்தானே போனாள் என்கிறோம். சட்டம் அவ்வாறு கூறவில்லை. ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக அழைத்துச் செல்வதும் கடத்தலே. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்பது கணக்கில் வராது. 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு இதைக் கூறிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும் இதையே கூறுகிறது.

மற்றொன்று, திரும்பி வந்த பெண்ணின் மௌனம். பட்டதை வெளியே சொன்னால் வரன் அமையாது என்று வீட்டார் வாயடைத்து விடுகின்றனர். அதனால் அடுத்த வீட்டுக்குக் கிடைப்பது தரகர் சொல்லும் செய்தி மட்டுமே. இந்த அறியாமை வானம் பொய்த்து வந்த வறட்சியன்று. ஊரார் கூடிக் கிணற்றை மூடியதால் வந்த வறட்சி.

நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். கிணற்றில் போடப்பட்ட பிள்ளை சில திர்ஹம்களுக்கு விற்கப்பட்டது. தந்தையிடம் வந்ததோ பொய் இரத்தம் தோய்ந்த சட்டையும் ஒரு கட்டுக்கதையும். நபி யஃகூப் (அலை) அவர்கள் அழுதார்கள். ஆயினும் அக்கதையை நம்பிவிடவில்லை. மறுமையில் மூவருக்கு எதிராக இறைவனே வழக்காடுவான் என்னும் நபிமொழி ஸஹீஹ் புகாரியில் உண்டு. இறைவன் பெயரால் வாக்களித்து மோசம் செய்தவன், சுதந்திரமானவரை விற்று அப்பணத்தை உண்டவன், வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன் ஆகியோரே அம்மூவர். வாக்கு, விற்பனை, கூலி ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டில் கூடிநிற்பதை நாம் கண்டோம்.

வயிறு காய்ந்தவனிடம் தீர விசாரி என்பது எளிய உபதேசமன்றோ எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எழுத்தறியாத தகப்பனார் தெரியாது என்றால் அது விடைதான். பத்திரிகை படிக்கிற அண்டை வீட்டார், ஆசிரியர், ஜமாஅத் பெரியவர்கள் ஆகிய நாம் சொன்னால் அது விடையன்று. கேளாதிருந்ததன் ஒப்புதல் அது. இன்று அதே விடுதிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வருகின்றனர். அவர்களுடைய பெற்றோர் விசாரிக்க நினைத்தாலும் மொழி தெரியாது. அங்கே விசாரிக்க வேண்டியவர்களும் நாமே.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகமோ கோவில்பட்டியிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்னும் தொலைபேசி எண்களும் உள்ளன. தரகர் வாசலுக்கு வரும் நாளில், ஆலையின் பெயர் என்ன, கூலி மாதந்தோறும் யார் கையில் சேரும், நினைத்தபோது வீடு திரும்பலாமா என்று உடன் நின்று கேட்போம். திரும்பி வந்த பெண் பேசினால் அவளைப் பழிக்காமல் செவி கொடுப்போம். மாட்டுக்குக் காட்டிய கவனத்தை மகளுக்கும் காட்டுவோமாக!