உவர்நிலத்து விதையும் பக்குவம் என்னும் கேள்வியும்

இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுவதில்லை, மரம் முன்னமே விதைக்குள் அடங்கியுள்ளது என்பது சைவ சித்தாந்தம் ஏற்கும் சற்காரியவாதம், அதாவது காரியம் தன் காரணத்துக்குள் நுண்மையாக இருக்கிறது என்னும் கொள்கை. அவ்வாறாயின் முளைக்கத் திணறும் விதைக்குத் துணைநிற்பவர் அதற்கு எதைக் கொடுக்கிறார்? தேரி மணலும் பனங்காடும் கடலும் நெருங்கிக் கிடக்கும் உடன்குடியில் இது ஏட்டுக் கேள்வியன்று. தாமிரபரணியின் கடைமடையை ஒட்டிய இப்பகுதியில் கால்வாயில் தண்ணீர் வராத நாட்களில் கிணற்றை நம்பியே பாத்தி கட்ட வேண்டியிருக்க, அக்கிணறுகளில் பலவும் உவர்த்துவிட்டன.

உலர்ந்த விதை விழித்தெழ முதலில் நீரை உறிஞ்ச வேண்டும். மண்ணின் ஈரத்தில் உப்பு மிகுந்தால் அந்த ஈரம் கைக்கெட்டியும் வாய்க்கெட்டாததாகிறது. உள்ளே புகும் சோடியமோ பொட்டாசியம் ஆற்ற வேண்டிய பணிகளைக் குலைக்கிறது. தோல் உப்பி, முளைவேர் சற்றே நீண்டு, நுனி பழுப்பேறி நின்றுபோன கத்தரி விதையில் இவ்விரு கேடுகளையும் ஒருங்கே காணலாம்.

இதற்கு வேளாண்மை கண்ட வழிகளுள் ஒன்று விதையைக் கடினப்படுத்துதல், அதாவது விதையை அளவறிந்த கரைசலில் ஊறவைத்து மீண்டும் நிழலில் உலர்த்துதல். கம்பு விதையை 3 சதவீதச் சாதாரண உப்புக் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து 5 மணி நேரம் நிழலில் உலர்த்தலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடல்நீரின் உப்பே ஏறத்தாழ மூன்றரைச் சதவீதம் என்பதை எண்ணினால் இது வியப்புக்குரியது. தக்காளி விதையும் இவ்வாறு உப்புக் கரைசலில் பதப்படுத்தப்பட்டால் பின்னர் உவரைக் கூடுதலாகத் தாங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊறும்போது விதை தன்னுள் பழுதானவற்றைச் சீர்செய்து முளைப்புக்கான ஆயத்தங்களைத் தொடங்குகிறதேயன்றி, தன்னிடம் இல்லாத திறன் எதையும் வெளியிலிருந்து பெறுவதில்லை. ஆனால் முளைவேர் வெளிவந்த பின் உலர்த்தினால் அது செத்துவிடும்.

விதையை உப்பு பதப்படுத்துவது போலவே, திரோதான சக்தி, அதாவது மறைந்து நின்று உயிரை வினைப்பயன் நுகரச் செய்யும் அருள், உயிரை மறைக்கும் மலத்தைப் பரிபாகப்படுத்துகிறது, அதாவது பக்குவப்படுத்துகிறது என்பர் சித்தாந்திகள். இதைக் கொண்டு பிறர் படும் துன்பமெல்லாம் பக்குவத்துக்கே என்று கைகட்டி நிற்பது பெரும்பிழை. எவ்வளவு, எதுவரை என்று அறிந்தவனின் கண்காணிப்பில் நிகழ்வதையே அக்கோட்பாடு அருள் என்கிறது. அதே உப்பு, அளவு தெரியாத பாத்தியில் விதையைக் கொன்றுவிடுகிறது.

மேலும், அந்த உப்பு விதையின் வினையன்று. கடற்கரை மணலில் இறங்கிய மழைநீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. கடலருகே உவர்க்காத திருச்செந்தூர் நாழிக்கிணற்றை முருகன் அருளாகப் போற்றும் மரபு இந்த நீரின் அருமையை நன்கு உணர்ந்திருந்தது. மேலே உள்ள அந்த ஒரு மீட்டரை மோட்டார் வைத்து இறைத்துத் தீர்க்கும்போதுதான் கடல் உள்ளே ஏறுகிறது. ஆகவே விதையை ஊறவைத்துத் தருவது துணைநிற்றலின் ஒரு பாதியே; நாற்று வேர்பிடிக்கும் வரையேனும் குளத்து நீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்றுவதும், கிணற்றில் இறைப்பதைக் குறைத்து மழையை மணலுக்குள் இறங்க விடுவதும் மறுபாதியாகும்.