யார் கேட்டது அந்தத் தியாகத்தை?

கியோத்தோவில் ஒரு மூங்கில் காடு. பள்ளிச் சுற்றுலா வந்த இடத்தில், தோபே என்ற பையன் எபினாவிடம் காதலைச் சொல்ல நிற்கிறான். அவள் மறுப்பாள் என்பது ஹச்சிமானுக்குத் தெரியும். மறுத்தால் அவர்களுடைய நட்பு வட்டமே உடைந்துவிடும். அந்த நொடியில் ஹச்சிமான் குறுக்கே புகுந்து, தானே அவளிடம் காதலைச் சொல்கிறான். பொய்க் காதல்தான். இப்போதைக்கு யாரோடும் பழகும் எண்ணமில்லை என்கிறாள் அவள். தோபே சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வட்டம் பிழைத்தது. அவமானம் ஹச்சிமானுக்கு மட்டும்.

ரசிகர்கள் ‘ஒரேகைரு’ என்று சுருக்கிச் சொல்லும் அனிமே தொடரில், 2015இல் வந்த இரண்டாவது சீசன் காட்சி இது. பல்கலைக்கழக விடுதியில் முதன்முறை பார்த்தபோது, ‘மச்சி, இவன்தான்டா ஹீரோ’ என்று கத்தினேன். இன்று அப்படிக் கத்த முடியவில்லை.

ஹச்சிமான் வழக்கமான காதல் கதை நாயகன் இல்லை. செத்த மீன் கண்கள். இளமை என்பதே பொய் என்று கட்டுரை எழுதி, ஆசிரியையிடம் மாட்டி, தொண்டு மன்றத்தில் சேர்க்கப்பட்டவன். பிரச்சினைகளைத் தீர்க்க அவனிடம் ஒரே வழிதான்: தன்னை வில்லனாக்கிக்கொள்வது. கலைவிழாவில் பொறுப்பிலிருந்து ஓடி மொட்டை மாடியில் ஒளிந்த சகாமியை மேடைக்குத் திருப்பி அனுப்பவும் அதைத்தான் செய்தான். அவளைக் கடுமையாகப் பேசினான். எல்லாரும் அவள் பக்கம் நின்றார்கள்.

அவனுடைய கணக்கு எளிது. நான் ஒருவன் அடிபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மூங்கில் காட்டில் யுகினோவும் யுயியும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி, உன் வழிமுறை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறாள். இன்னொருத்தி அழுகிறாள். தன் வலிக்கு அவன் பூஜ்யம் போட்டிருந்தான். அவர்கள் கணக்கில் அது பூஜ்யம் இல்லை.

இருவரில் யார் அவனை அடைவார் என்பதைவிட இந்த இடம்தான் எனக்குத் தொடரின் காதல் சிக்கலாகத் தெரிகிறது. தன்னை ஒருவர் நேசிக்கக்கூடும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. பணிவு மாதிரி தெரியும் இது, உண்மையில் அடுத்தவரின் அன்பின் மீதான அவநம்பிக்கை. அவன் திட்டம் பலித்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என்ன செய்யப்போகிறேன் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்கு இதைப் புரியவைத்தது அனிமே இல்லை. பினாங்கில் வேலை பார்த்தபோது, எனக்குப் பிடித்த ஒரு தோழியின் அறிக்கையில் ஓர் எண் தப்பாகிவிட்டது. கூட்டத்தில் அவள் வாயைத் திறப்பதற்குள், ‘என் தவறு’ என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் அவள் கேட்டாள்:

“எனக்கு சொல்லத் தெரியாதா? உன்னை யாரு கேட்டா?”

நன்றி கெட்டவள் என்று ஒரு வாரம் மனதுக்குள் திட்டினேன். பிறகுதான் உறைத்தது. நான் காப்பாற்றியது அவளை அல்ல, நல்லவன் என்ற என் படத்தை. தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளும் கௌரவத்தை அவளிடமிருந்து பறித்திருந்தேன்.

அதே சீசனில் பின்னால், ஹச்சிமான் தன் மன்றத்துக்கே உதவி கேட்டு வருகிறான். உண்மையான ஒன்று வேண்டும் என்று அழுகிறான். எப்போதும் கொடுத்தே தப்பித்துவந்தவன், முதன்முறையாகக் கேட்கிறான். அடிபடுவதைவிட அது அவனுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நானும் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘ஓக்கே லா’ என்றாள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அவளுடைய இன்னொரு தப்பு வெளியே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவளே சொன்னாள்.