கணக்கில் விடுபட்ட பெயர்கள்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்கு ஆலயங்களில் இறந்தோரின் பெயர்கள் எழுதிய தாள்கள் வந்து குவியும். திருப்பலியில் அவற்றை வாசித்து மன்றாடுவது வழக்கம். ஓராண்டு அவ்வாறு வாசித்து முடித்தபின் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, “சாமி, எல்லாருடைய பெயரையும் வாசித்தீர்கள்; என் மகன் பெயர் மட்டும் வரவில்லையே” என்று கண் கலங்கினார். அவர் தந்த தாள் இன்னொரு தாளோடு ஒட்டிக்கொண்டிருந்ததே காரணம். “ஆண்டவருக்கு எல்லாப் பெயரும் தெரியும் அம்மா” என்று ஆறுதல் கூறினோம். இறையியல்படி அது சரியான விடைதான். ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. மறுநாள் அந்த ஒரு பெயரை வாசித்த பிறகே தெளிந்தது.

கடவுள் அறிந்திருக்கிறார் என்பதனால், மனிதர் நினைவுகூர வேண்டிய கடமை நீங்கிவிடுவதில்லை என்பதை அன்று கற்றுக்கொண்டோம். அந்தப் பாடம் ஒரு பெரிய கேள்விக்கு நம்மை இட்டுச் சென்றது. துன்புறுவோருக்கு உதவுவது அன்பின் பணி என்பதில் எவருக்கும் ஐயமில்லை. துன்புறுவோரை எண்ணுவதும், அவர்தம் பெயர்களைப் பதிவதும், அவர்களுடைய துன்பத்தின் காரணங்களை ஆராய்வதும் அன்பின் பணியாகுமா? பசித்தவருக்குச் சோறிடுபவரை வாழ்த்துகிறோம். பசித்தோர் எத்தனை பேர், எந்த ஊரில், எதனால் பசித்தனர் என்று ஏட்டில் எழுதுபவரைக் கண்டால், ‘இவருக்கு வேறு வேலையில்லையா?’ என்றுதானே எண்ணுகிறோம்?

இக்கேள்விக்குத் தம் குருதியால் விடையளித்த ஒரு கல்விக்கூடம் மத்திய அமெரிக்காவில் உண்டு. எல் சால்வதோர் மிகச் சிறிய நாடு. 1980 முதல் 1992 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். போரின் தொடக்கத்திலேயே, 1980 மார்ச் 24 அன்று, பேராயர் ஓஸ்கார் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018-ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்ததை நாம் அறிவோம். அந்நாட்டின் தலைநகரான சான் சால்வதோரில் 1965-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருவது, இயேசு சபையினர் நடத்தும் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகம். அங்கே 1985-ஆம் ஆண்டு மனித உரிமைகள் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தவர் சமூகவியல் பேராசிரியராகிய அருள்தந்தை செகுந்தோ மோந்தெஸ்.

அந்நாளில் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் மெய்யியலாளர் அருள்தந்தை இக்னாசியோ எல்லக்கூரியா. பல்கலைக்கழகத்திற்கு ஆராய்ச்சி, கற்பித்தல், சமுதாயத்தை நோக்கிய பணி என மூன்று கடமைகள் உண்டு என்றும், மூன்றாவதே முதலிரண்டுக்கும் திசை காட்ட வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். நாட்டின் உண்மை நிலையே பாடப்பொருளாக வேண்டும். அறிந்த உண்மை பல்கலைக்கழக மதிலைத் தாண்டி மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது அவர் துணிபு. மோந்தெஸ் அதைச் செயலாக்கினார். போரினால் வீடிழந்து உள்நாட்டிலேயே அலைந்தோர், ஹொண்டுராஸ் எல்லையைக் கடந்து முகாம்களில் தங்கியோர், அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குப் பிழைக்கச் சென்றோர் ஆகியோரைப் பற்றி அவர் விரிவாக ஆராய்ந்தார். எங்கிருந்து வந்தனர், ஏன் வந்தனர், எதை இழந்தனர் என்று கேட்டுப் பதிவு செய்தார். அரசு எண்ண விரும்பாத மக்களை ஒரு பல்கலைக்கழகம் எண்ணியது.

இது அன்பின் பணிதானா? நல்ல சமாரியன் உவமையை நினைவுகூர்வோம். காயமுற்றவனைக் கண்டு மனமிரங்கி, எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டியதை மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவ்வுவமையின் முடிவில் ஒரு கணக்கும் உண்டு என்பதை நாம் கவனிப்பதில்லை. சத்திரக்காரனிடம் காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சமாரியன் வாக்களிக்கிறான். செலவைக் குறித்து வைத்தால்தானே வாக்கு நிறைவேறும்? இரக்கம் தொடங்கிவைத்த பணியைக் கணக்கு காத்துநிற்கிறது. அதே எரிகோ சாலையில் நாள்தோறும் மனிதர் அடிபட்டு விழுவார்களாயின், இதுவரை விழுந்தவர் எத்தனை பேர், கள்வர் யார், அவர்களுக்குக் காவல் யார் என்று ஒருவர் கேட்க வேண்டாவா? கேட்பவர் சமாரியனுக்குப் போட்டியாளர் அல்லர், அவனுடைய உடன்பிறப்பே.

‘பல்கலைக்கழகம் நடுநிலை வகிக்க வேண்டும், பக்கம் சாரலாமா?’ என்று சிலர் வினவலாம். நல்லெண்ணத்தோடு எழும் வினா இது. கருத்துகளுக்கிடையே நடுநிலை அறிஞர்க்கு அழகு. ஆனால் கொன்றவனுக்கும் கொலையுண்டவனுக்கும் இடையே சமதூரத்தில் நிற்பது நடுநிலையாகாது. அது கொன்றவனுக்குச் செய்யும் உதவியாகவே முடியும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஏழையின் பக்கம் நிற்பவர் ஏழையின் பெயரால் பொய் சொல்லும் உரிமையைப் பெறுவதில்லை. நூறு பேர் இறந்த இடத்தில் இருநூறு என்று எழுதினால், அந்த ஒரு மிகையைக் காட்டியே உண்மையான நூறு மரணங்களையும் மறுத்துவிடுவார்கள். எண்ணைத் துல்லியமாகக் காப்பது இறந்தோருக்கு ஆய்வாளர் செலுத்தும் மரியாதை.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பொழுது புலருமுன் இராணுவத்தின் அத்லகத்ல் படைப்பிரிவினர் பல்கலைக்கழக வளாகத்தினுள் நுழைந்து எல்லக்கூரியா, மோந்தெஸ் உள்ளிட்ட இயேசு சபைக் குருக்கள் அறுவரைச் சுட்டுக் கொன்றனர். பழியைக் கிளர்ச்சியாளர் மீது போட, அவர்கள் எழுதியதுபோல் ஓர் அட்டையும் எழுதி வைத்துச் சென்றனர். கொலை செய்த கை பொய்யும் எழுதவேண்டியிருந்தது. துப்பாக்கி ஏந்தியவர்களும் உண்மைக்கு அஞ்சினர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் நம் மனச்சான்றை உறுத்தும் கடினமான கேள்வி எழுகிறது. அன்று இறந்தவர் அறுவர் அல்லர், எண்மர். இயேசு சபை இறையியல் மாணவர்களின் இல்லத்தில் சமையல் பணி செய்துவந்த எல்பா ராமோஸ் என்னும் பெண்மணியும், அவருடைய இளம் மகள் செலினாவும் அந்த இரவு அங்குத் தங்கியிருந்தனர். தம் வீட்டருகே சண்டை நடந்ததால், குருக்களின் இல்லமே பாதுகாப்பானது என்று நம்பி வந்தவர்கள். சாட்சி எவரையும் விட்டுவைக்கக் கூடாது என்ற கட்டளைப்படி அவர்களும் கொல்லப்பட்டனர். குருக்கள் ஆபத்தை அறிந்தே உண்மையைப் பேசினர். அது அவர்கள் தேர்ந்த வழி. தாயும் மகளும் எதைத் தேர்ந்தார்கள்? உண்மை பேசுகிறவர் தம் உயிரைப் பணயம் வைக்கலாம். தம் அருகில் இருப்போரின் உயிரையும் வைக்கலாமா?

இதற்கு எளிய விடை நம்மிடம் இல்லை. கொலையின் பாவம் கொன்றவனையும் ஏவியவனையுமே சாரும். உண்மை பேசியவரைச் சாராது. இது உறுதி. ஆயினும் பழியில்லை என்பதனால் கடனும் இல்லை என்று ஆகிவிடாது. உண்மைக்காகத் துணிந்தோர், அத்துணிவின் விலையைத் தம்மோடு சேர்ந்து செலுத்திய எளியோரைத் தம் புகழின் நிழலில் மறைந்துபோக விடலாகாது. மறைசாட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்பதே முதற்பொருள். எல்பாவும் செலினாவும் சாட்சிகள் என்பதற்காகவே கொல்லப்பட்டனர். திருச்சபையின் தீர்ப்பை முந்திக்கொள்வது நம் நோக்கமன்று. எனினும், ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகளும் தம் சாவைத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். அவர்களைத் திருச்சபை பன்னெடுங்காலமாக மறைசாட்சியராக வணங்கி வருகிறது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம்.

பின்னர் நடந்தவை இக்கடனை மேலும் தெளிவாக்குகின்றன. 1993 மார்ச் 15 அன்று, ஐக்கிய நாடுகள் அவையின் துணையோடு அமைந்த உண்மை ஆணையத்தின் அறிக்கை வெளியானது. ஐந்தே நாட்களில் அந்நாட்டுச் சட்டமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இக்கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்த இருவரும் விடுதலையாயினர். 2016-ஆம் ஆண்டுதான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. இறந்த குருக்களுள் ஐவர் ஸ்பெயினில் பிறந்தவர்கள். ஆதலால் ஸ்பெயின் நீதிமன்றம் இவ்வழக்கை விசாரித்து, 2020 செப்டம்பரில் முன்னாள் படைத்தலைவர் ஒருவருக்கு 133 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அத்தண்டனை அந்த ஐவரின் கொலைக்கு மட்டுமே. அவரை ஒப்படைத்த அமெரிக்காவின் அனுமதி அவ்வளவோடு நின்றது. சால்வதோரில் பிறந்த அருள்தந்தை ஹோவாக்கின் லோப்பெஸ், எல்பா, செலினா ஆகிய மூவரின் கொலையிலும் அவருக்குப் பொறுப்பு உண்டு என்று நீதிமன்றம் கண்டும், அதற்காகத் தண்டிக்க இயலவில்லை. அம்மண்ணிலேயே பிறந்த மூவர் தண்டனைக் கணக்கில் விடுபட்டனர்.

சட்டத்தின் கணக்கில் விடுபடுவோரை விடாமல் எண்ணிக்கொண்டிருப்பதற்கே மனித உரிமைகள் நிறுவனம் ஒன்று தேவைப்படுகிறது. மோந்தெஸ் இறந்த பின்னும் அவர் தோற்றுவித்த நிறுவனத்தின் பணி நின்றுவிடவில்லை. எண்மரின் வழக்கையும் அது நீதிமன்றங்களுக்கு எடுத்துச் சென்றது. போரில் உறவினரை இழந்த எளியோர் தம் கதையைப் பொது மன்றத்தில் சொல்ல வழிசெய்தது. மோந்தெஸ் யாரைப் பற்றி ஆராய்ந்தாரோ, அந்த ஏதிலியர் ஹொண்டுராஸிலிருந்து தாயகம் திரும்பியபோது, தாங்கள் அமைத்த குடியிருப்புக்கு அவர் பெயரையே சூட்டினர். தம்மை எண்ணியவரை அவர்கள் மறக்கவில்லை. குருக்கள் வீழ்ந்துகிடந்த புல்வெளியில், எல்பாவின் கணவர் தம் கையால் ரோஜாத் தோட்டம் அமைத்தார். மனைவியையும் மகளையும் இழந்தவர், எண்மருக்குமாக மலர் வளர்த்தார்.

உன் சகோதரன் எங்கே என்று கடவுள் காயீனிடம் கேட்டது, அவர் அறியாததனால் அன்று. காயீன் அறிந்திருக்க வேண்டும் என்பதனால் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடுவதே ஆராய்ச்சி. அவ்விடையை இளைஞர்க்கு உணர்த்துவதே கற்பித்தல். அதனைச் சகோதரனின் வீட்டு வாயிலுக்கு எடுத்துச் செல்வதே சமுதாயப் பணி. இவற்றைச் செய்ய எல்லார்க்கும் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. இந்த நவம்பரில் நம் இல்லங்களில் இறந்தோர் பெயர்களை எழுத அமரும்போது, நம் குடும்பத்தாரோடு நிறுத்திவிடாமல், யாரும் எழுதித் தராத பெயர் ஏதேனும் நம் தெருவில் உண்டா என்று ஒரு நாழிகை எண்ணிப் பார்ப்போம். உண்டெனில், அதையும் தாளில் சேர்ப்போம். தாள்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.