பின்னைய நன்மையும் முன்னைய துன்பமும்

ஓர் உயிருக்கு இயல்பாய் அமைந்தது எது, இடையில் வந்து சேர்ந்தது எது என்னும் வினா மெய்யியலுக்குப் புதியதன்று. சைவசித்தாந்தம் மலங்களைப் பற்றிப் பேசுமிடத்து ஆணவத்தைச் சகசம் என்றும், கன்மம், மாயை ஆகியவற்றை ஆகந்துகம் என்றும் பிரித்துரைக்கும். முன்னது உயிரோடு என்றும் உடனிருப்பது. பின்னவை வந்து கூடியவை. உடலைப் பொறுத்தவரையிலும் மனிதர் இத்தகையதொரு பிரிப்பையே கொண்டுள்ளனர். உடம்பு தன்னது, நோய் புறத்தேயிருந்து வந்தது. ஆயின், ரெற்றோவைரசுகள் பற்றிய அறிவு இந்த எல்லைக்கோட்டை மங்கச் செய்துவிட்டது. அதனாற் பிறக்கும் அறவியல் வினாவொன்றே இங்கு ஆராயப்படுகின்றது.

ரெற்றோவைரசு தன் பரம்பரைச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவிற் கொண்டது. கலத்தினுட் புகுந்ததும் அச்செய்தியை டி.என்.ஏ. ஆக மாற்றி, அக்கலத்தின் நிறமூர்த்தத்தினுள் அது பொருத்திவிடும். இம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதியத்தை 1970 இல் ஹவாட் ரெமினும் டேவிட் பால்ரிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். பொதுவாக வைரசு புகுவது உடற்கலங்களிலேயாம். விலங்கு இறக்க அச்செய்தியும் உடன் அழியும். அரிதாக, முட்டையையோ விந்தையோ தோற்றுவிக்கும் கலத்தில் அது பொருந்திவிடின், பிறக்கும் குட்டியின் ஒவ்வொரு கலத்திலும் இடம்பெறும். அதன்பின் அது தொற்று மட்டுமன்று, முதுசமும் ஆகும். மனிதனின் பரம்பரையலகுத் தொகுதியில் ஏறத்தாழ 8 சதவீதம் இவ்வாறு வந்த வைரசுகளின் எச்சமே.

மனிதனில் இது பெரும்பாலும் நெடுங்காலத்துக்கு முன் முடிந்த வரலாறு. அவுஸ்திரேலியாவின் கோலாவிலோ இன்றும் நடைபெறும் நிகழ்ச்சி. 2006 இல் வெளியான ஆய்வொன்று, சோதிக்கப்பட்ட குயின்ஸ்லாந்துக் கோலாக்கள் அனைத்திலும் இவ்வைரசு இருப்பதையும், அது பரம்பரையாகக் கடத்தப்படுவதையும், தெற்கேயுள்ள கங்காருத் தீவின் கோலாக்களுட் சில அதனின்றும் நீங்கியிருப்பதையும் காட்டிற்று. வெண்குருதிப் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் இவ்வைரசுடன் தொடர்புபட்டவை. உயிரியலார் வைரசு புகும் உயிரை ‘விருந்து வழங்கி’ என்பர். இங்கு விருந்து வழங்கியே விருந்தாகிவிடுகின்றது.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. மனிதத் தாயின் சூல்வித்தகத்தில் கலங்களை ஒன்றிணைத்து, தாய்க்கும் சேய்க்கும் இடையே ஊட்டம் கடத்தும் படையை உருவாக்க உதவும் சின்சிற்றின் என்னும் புரதம், முற்காலத்தில் ஒரு ரெற்றோவைரசின் உறைப்புரதமாக இருந்தது. இவ்வுண்மை 2000 இல் வெளியாயிற்று. எலியில் இதையொத்த புரதமொன்றை நீக்கியபோது கருக்கள் வயிற்றிலேயே மடிந்தன. முலையூட்டிகளின் வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு வைரசுகளிலிருந்து இத்தகைய புரதங்களைப் பெற்றுள்ளன. பகையாய் வந்தது தாய்மைக்குத் துணையாயிற்று.

இவ்விரு உண்மைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவோர் சிலர் ஒரு முடிபுக்கு விரையக்கூடும். இன்று கோலா படும் துன்பம் நாளைய நன்மைக்கான விலை. இயற்கை தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும். மனிதன் தலையிட வேண்டியதில்லை என்பதே அது. இம்முடிபு மூன்று காரணங்களால் ஏற்கத்தக்கதன்று.

முதலாவதாக, ‘விலை’ என்பது பெறப்போகும் பொருளை அறிந்து ஒருவன் விரும்பிக் கொடுப்பது. கோலா எதனையும் விரும்பிக் கொடுக்கவில்லை. நோயுற்று மரத்தினின்று வீழும் விலங்கு ஒன்று. நன்மை விளையின் அதனை நுகரப்போகும் விலங்கு வேறொன்று. மேலும், உட்புகுந்த வைரசுகளிற் பெரும்பாலானவை பயனற்ற சிதைவுகளாகவே எஞ்சியுள்ளன. சின்சிற்றின் போன்றவை விதிவிலக்குகள். விதிவிலக்கைக் காட்டி விதியை நியாயப்படுத்தல் தகாது.

இரண்டாவதாக, ‘உள்ளது’ என்பதிலிருந்து ‘இருத்தல் வேண்டும்’ என்பதற்குக் காரணங் கூறாது தாவுதல் தவறென்பதை டேவிட் ஹியூம் 1740 இலேயே சுட்டிக்காட்டினார். கூர்ப்பின் வரலாறு ஒன்று எவ்வாறு நேர்ந்தது என விளக்கும். அது நேர்ந்தது நன்றென விதிக்காது.

மூன்றாவது காரணமே மிக வலியது. கோலாவின் இனப்பெருக்கக் கலங்கள் இவ்வைரசின் ஆர்.என்.ஏ. ஐ இனங்கண்டு துண்டாடத் தொடங்கியுள்ளமை 2019 இல் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. இயற்கையின் தற்காப்பு உண்மையில் தொடங்கிவிட்டது. ஆனால், அது நிறைவுறப் பல தலைமுறைகளும் பெருந்தொகையான விலங்குகளும் வேண்டும். இவ்விரண்டையும் குறைத்தவன் மனிதன். 1927 இல் குயின்ஸ்லாந்தில் தோலுக்காகச் சில வாரங்களுள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோலாக்கள் கொல்லப்பட்டன. பின்னர் காடுகள் அழிக்கப்பட்டன. 2022 இல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பிரதேசம் ஆகியவற்றின் கோலாக்கள் அழியும் ஆபத்துக்குட்பட்டவையென அறிவிக்கப்பட்டன. காலத்தையும் தொகையையும் பறித்தவனே ‘இயற்கை பார்த்துக்கொள்ளும்’ எனக் கூறுதல் அறமாகாது.

எனினும், எதிர்த்திசையிலும் ஒரு தவறு காத்திருக்கின்றது. வைரசு வந்தேறியென்பதால் அது தீண்டாத இனத்தைத் தனித்துப் பேணுதலே சரியெனக் கருதுவது அத்தவறு. கங்காருத் தீவின் கோலாக்கள் 1920களில் கொண்டுசென்று விடப்பட்ட ஒரு சிலவற்றின் வழிவந்தவை. அவற்றின் பரம்பரை வளம் குறுகியது. வடக்கோடு கலந்தால் வளம் பெருகும், வைரசும் வரும். கலவாவிடின் தூய்மை நிலைக்கும், நலிவும் நிலைக்கும். தூய்மை என்னும் சொல்லை மட்டும் கொண்டு இச்சிக்கலைத் தீர்த்தல் இயலாது. தூய உடம்பென ஒன்று முலையூட்டிகளிடையே இல்லை என்பதற்கு ஒவ்வொரு தாயின் சூல்வித்தகமும் சான்று.

ஆகவே, வந்த வழியைக் கொண்டு ஒன்றை விலக்குதலும், வரப்போகும் பயனைக் கொண்டு ஒன்றை நியாயப்படுத்தலும் ஒருங்கே குறையுடையன. இன்று வாழும் இவ்வுயிருக்கு அது என்ன செய்கின்றது என்பதே அறவியல் முதலிற் கேட்க வேண்டிய வினா. இன்னும் பல இலட்சம் ஆண்டுகளின் பின் கோலாவின் வழித்தோன்றல்கள் இவ்வைரசாற் பயன்பெறலாம், பெறாமலும் போகலாம். இன்று நோயுற்றிருக்கும் கோலாவுக்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடன் அந்த விடைக்காகக் காத்திருப்பதன்று.